மூன்றாம் நாளும் அதற்கு முந்திய சனிக்கிழமையும்

(குடும்பங்களும் சிறு குழுக்களும் சேர்ந்து வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம். விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பது நன்று.)

சென்ற தவக்காலத்தில், இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் வாழும் கிராமமொன்றில் ஒரு மாலை விவிலிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். ஆண்டவரின் பாடுகள், மரணம், உயிர்ப்பு என்பனவே அன்றைய பாடம். வகுப்பு முடியும் வேளையில் முதியவர் ஒருவர் எழுந்து நின்றார்.

“சுவாமி, குறை நினைக்கக் கூடாது. ஆண்டவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்குச் செத்தார். ஞாயிறு விடியக் காலமை கல்லறையில அவர் இல்லை. என்ர கணக்கில இது ஒண்டரை நாள். ஒண்டரை நாள் வேலைக்கு மூண்டு நாள் கூலி ஆரும் குடுப்பினமோ? பிறகேன் மூண்டு நாள் எண்டு சொல்லுறம்?”

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது, பின்வரிசையில் இருந்த தாயொருவர், யாருக்கும் சொல்லாதவர் போல, “மூண்டு நாளெண்டாப் பறவாயில்லையே. எங்களுக்கு எத்தினை வருசம்?” என்றார்.

அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை.

முதியவரின் கேள்விக்கு விடை சொல்வது இலகு. தாயின் கேள்விக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. ஆனால் இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது வீடு திரும்பும் வழியில் எமக்குப் புலப்பட்டது. ஆகவே இந்தப் பாடத்தில் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

நாளை எண்ணும் முறை

நாம் இன்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நாளை மாற்றுகிறோம். இயேசுவின் மக்களோ சூரியன் மறையும்போது ஒரு நாளை முடித்து, அந்த மாலையிலேயே அடுத்த நாளைத் தொடங்கினார்கள். தொடக்க நூலின் முதலாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். படைப்பின் நாட்களைச் சொல்லும்போது மாலையே முதலில் வருகிறது. காலை பின்னர் வருகிறது. அவர்களுடைய நாள் இருளில் தொடங்கி ஒளிக்கு வந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு நாளின் சிறு பகுதியையும் அவர்கள் ஒரு நாளாகவே எண்ணினார்கள். இது எமக்குப் புதிய வழக்கமல்ல. எமது ஊர்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளை எப்படிப் பார்க்கிறோம்? மாலையில் இறந்திருந்தாலும் இறந்த நாளையும் சேர்த்தே எண்ணுகிறோம். விவிலியத்திலும் அப்படியே. எஸ்தர் அரசி தன் மக்களை மூன்று நாள் இரவும் பகலும் நோன்பிருக்கச் சொன்னார். ஆனால் மூன்றாம் நாள் முடிவதற்குக் காத்திராமல், மூன்றாம் நாளிலேயே அரசன் முன் சென்றார் (எஸ்தர் 4:16; 5:1). எகிப்தில் யோசேப்பு தன் சகோதரரை மூன்று நாள் காவலில் வைத்தார். மூன்றாம் நாளிலேயே அவர்களோடு பேசினார் (தொடக்க நூல் 42:17-18).

இந்த முறைப்படி எண்ணினால்:

முதலாம் நாள்: வெள்ளிக்கிழமை. பிற்பகல் இறப்பு, சூரியன் மறையும் முன் அடக்கம்.

இரண்டாம் நாள்: வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை. இதுவே ஓய்வுநாள்.

மூன்றாம் நாள்: சனி மாலை தொடங்கியது. அதன் விடியலில் கல்லறை வெறுமையாய் இருந்தது.

மணிக்கூட்டின்படி பார்த்தால் நாற்பது மணித்தியாலம் கூட இல்லை என்பது உண்மை. முதியவரின் கணக்கில் பிழையில்லை. ஆனால் நற்செய்தியாளர் மணித்தியாலத்தை எண்ணவில்லை, நாளையே எண்ணினார்கள். மத்தேயு 12:40இல் யோனாவைப் போல மூன்று பகலும் மூன்று இரவும் என்று வருவதையும், எஸ்தரின் நோன்பைப் போல, அம்மக்களின் பேச்சு வழக்காகவே கொள்ள வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை

பகற்பொழுதை அவர்கள் சூரிய உதயம் முதல் மறைவு வரை பன்னிரண்டு மணியாகப் பிரித்தார்கள். மாற்கு நற்செய்தியின்படி இயேசு மூன்றாம் மணியில், அதாவது எமது காலை ஒன்பது மணியளவில், சிலுவையில் அறையப்பட்டார். ஆறாம் மணியில், நண்பகலில், இருள் சூழ்ந்தது. ஒன்பதாம் மணியில், பிற்பகல் மூன்று மணியளவில், உயிர் நீத்தார் (மாற்கு 15:25, 33-37). யோவானோ ஏறக்குறைய நண்பகலில் இயேசு இன்னும் பிலாத்துவின் முன் நின்றார் என்கிறார் (யோவான் 19:14). இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. வெயிலையும் நிழலையும் பார்த்து நேரம் சொன்ன காலம் அது. அவரவர் எதை முக்கியமெனக் கண்டனரோ அதற்கு ஏற்பவே நேரத்தைக் குறித்தனர்.

மரத்தில் தொங்கவிடப்பட்டவரின் உடல் இரவு முழுவதும் அங்கே இருக்கலாகாது என்பது மோசேயின் சட்டம் (இணைச்சட்டம் 21:22-23). சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மிஞ்சியிருந்தது மூன்று மணித்தியாலம் மட்டில்தான். அதற்குள் அரிமத்தியா ஊர் யோசேப்பு பிலாத்துவிடம் போய் அனுமதி கேட்க வேண்டும். பிலாத்து நூற்றுவர் தலைவனைக் கூப்பிட்டு, உண்மையில் இறந்துவிட்டாரா என விசாரிக்க வேண்டும். துணி வாங்க வேண்டும், உடலை இறக்க வேண்டும், கல்லை உருட்ட வேண்டும். பக்கத்தில் இருந்தது என்பதற்காகவே அந்தக் கல்லறையில் வைத்தார்கள் என்று யோவான் சொல்கிறார் (19:42).

இதை விளக்க எமது மக்களுக்கு உரையாசிரியர் தேவையில்லை. 2009இல் செல்வீச்சின் நடுவே, பதுங்குகுழியின் ஓரத்தில், செபம் சொல்லி முடிப்பதற்குள் பெற்ற பிள்ளையை மண்ணால் மூடிவிட்டு நடந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். முறைப்படி அழக்கூட முடியாத அடக்கம் எதுவென அவர்களுக்குத் தெரியும். எமது ஆண்டவரின் அடக்கமும் அத்தகையதே.

எந்த மாதம், எந்த நிலவு?

இயேசு இறந்தது பாஸ்கா விழாவை ஒட்டிய வெள்ளிக்கிழமை என்பதில் நான்கு நற்செய்தியாளரும் ஒன்றுபடுகிறார்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோரின்படி இறுதி இராவுணவே பாஸ்கா விருந்து. எனவே இறந்த நாள் நிசான் மாதம் 15. யோவானின்படி விருந்து அன்று மாலைதான் வரவிருந்தது (18:28). எனவே இறந்த நாள் நிசான் 14. அது கோவிலில் பாஸ்கா ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படும் நாள். பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அந்த ஆண்டுகளின் நிலவைக் கணித்த அறிஞர் பலர், யோவானின் குறிப்போடு பொருந்துவனவாக 30ஆம் ஆண்டு ஏப்ரல் 7, 33ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆகிய இரு வெள்ளிக்கிழமைகளைச் சுட்டுகின்றனர்.

நிசான் 14, 15 என்பது பறுவகாலம். அவர்களுடைய மாதம் பிறை கண்டு தொடங்குவதால் மாத நடுவில் முழுநிலவு வரும். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு வியர்த்து மன்றாடிய இரவு நிலவு பொழிந்த இரவு. சீடர்கள் தூங்கியது கும்மிருட்டில் அல்ல.

நிசான் மாதத்துக்குப் பழைய பெயர் ஆபிப். பச்சைக் கதிர் என்பது அதன் கருத்து. நாம் பார்லி என்று சொல்லும் வாற்கோதுமை அந்த நாட்டில் முதலில் விளையும் தானியம்; அது கதிர் முற்றும் மாதமே ஆபிப். நிலவை வைத்து எண்ணும் ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாட்கள் குறைந்தது. அப்படியே விட்டால் பாஸ்கா சில ஆண்டுகளில் மாரிக்குள் போய்விடும். ஆகவே யூத பெரியோர் வேண்டியபோது ஒரு மாதத்தைக் கூட்டினார்கள். எப்போது கூட்டுவது என்பதற்கு அவர்கள் பார்த்த அடையாளங்களில் ஒன்று வயல். வாற்கோதுமை இன்னும் முற்றவில்லையென்றால் விழா ஒரு மாதம் தள்ளி வைக்கப்படலாம். பயிருக்காகப் பஞ்சாங்கம் காத்திருந்தது என்று சொல்லலாம். கமக்காரர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: எமது மீட்பு நிகழ்ந்த நாள் வயலைப் பார்த்துக் குறிக்கப்பட்ட நாள்.

முதற் கதிர்க்கட்டு

லேவியர் நூல் 23ஆம் அதிகாரம், 10 முதல் 14 வரையுள்ள வசனங்களை ஒருவர் உரத்து வாசிக்கட்டும்.

அங்கே சொல்லப்படுவது இதுதான். அறுவடை தொடங்கும்போது முதற் கதிர்க்கட்டைக் குருவிடம் கொண்டுவர வேண்டும். ஓய்வுநாளுக்கு மறுநாள் அவர் அதை ஆண்டவர் திருமுன் உயர்த்தி அசைப்பார். அது நடக்கும் வரை எவரும் புதுத் தானியத்தை உண்ணக்கூடாது. அங்கிருந்து ஐம்பதாம் நாளில் கோதுமை அறுவடையின் விழா. அந்த ஐம்பதாம் நாளே நாம் தூய ஆவியின் வருகையைக் கொண்டாடும் பெந்தக்கொஸ்து.

ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நூல், கோவில் இருந்த காலத்தில் இந்தக் கதிரை அறுத்த விதத்தை விவரிக்கிறது. பாஸ்கா விழாவின் முதல் நாள் முடியும் மாலையில், அயலூர் மக்கள் வயலில் கூடுவார்கள். அரிவாளோடு நிற்பவர், சூரியன் மறைந்துவிட்டதா என்று எல்லோரும் கேட்கும்படி கேட்பார். மறைந்துவிட்டது என்று மக்கள் சொல்வார்கள். இப்படி மும்முறை கேட்டு, மும்முறை விடை பெற்ற பின்னரே அறுப்பார்.

எமது பகுதிகளில் இதற்கு நெருங்கிய வழக்கம் புதிர் எடுத்தல். காலபோக நெல்லின் முதற் கதிரை அறுத்துக் கோயிலுக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்து, புதிர்ச் சோறு பொங்கி, அயலாரோடும் உறவினரோடும் உண்பது எமது முன்னோரின் முறை. புதிர் வந்துவிட்டால் அருவி வெட்டு முடிந்துவிட்டது என்று பொருளா? இல்லை. வயல் முழுவதும் இன்னும் நிற்கிறது. ஆனால் வயல் விளைந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று பொருள். முழு வயலுக்கும் அந்த ஒரு கட்டு சாட்சி.

இப்போது நாட்களைப் பொருத்திப் பாருங்கள். யோவானின் கணக்குப்படி இயேசு இறந்த வெள்ளி நிசான் 14. சனிக்கிழமை நிசான் 15. அது பாஸ்கா விழாவும் ஓய்வுநாளும் சேர்ந்த பெருநாள். கதிர்க்கட்டை எந்த ‘ஓய்வுநாளின்’ மறுநாளில் ஒப்புக்கொடுப்பது என்பதில் யூதருக்குள்ளேயே பிணக்கு இருந்தது. வாரத்தின் ஓய்வுநாளே என்றனர் ஒரு சாரார். விழாவின் முதல் நாளே என்றனர் பரிசேயர். அந்த ஆண்டில் இரண்டும் ஒரே நாளில் வந்ததால், இரு சாராரின் கணக்கிலும் முதற் கதிர் ஒப்புக்கொடுக்கும் நாள் அந்த ஞாயிறே.

புனித பவுல் யூத முறைகளை நன்கறிந்தவர். கொரிந்து நகர மக்களுக்கு எழுதும்போது, உயிர்த்த கிறிஸ்துவை இறந்தோரின் முதற்கனி என்று அழைக்கிறார் (1 கொரிந்தியர் 15:20-23). முதலில் கிறிஸ்து, பின்னர் அவருக்குரியோர் என்று வரிசையும் சொல்கிறார். பவுலின் பார்வையில் உயிர்ப்பு ஒரு தனி மனிதருக்கு நேர்ந்த அதிசயம் மட்டுமன்று. அது ஒரு பெரிய வயலின் முதற்கட்டு. மீதி வயல் இன்னும் வெட்டப்படவில்லை. அந்த வயல் நாமும், எமது இறந்தோரும்.

உயிர்ப்பு விழாவின் நாள்

உயிர்ப்பு விழா ஏன் ஆண்டுதோறும் வேறு வேறு நாளில் வருகிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. தொடக்கத்தில் ஆசியா மைனரின் கிறிஸ்தவர்கள் நிசான் 14ஐயே, அது எந்தக் கிழமையானாலும், கொண்டாடினார்கள். உரோமையில் ஞாயிறுதான் முக்கியம் என்றார்கள். ஏறக்குறைய 155ஆம் ஆண்டில் சிமிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பு உரோமைக்குச் சென்று திருத்தந்தை அனிசேத்துவோடு இது பற்றிப் பேசினார். ஒருவரும் தம் வழக்கத்தை விடவில்லை. ஆயினும் ஒன்றாகத் திருப்பலியில் கலந்து, சமாதானமாகப் பிரிந்தார்கள். பின்னர் கி.பி. 325இல் நீசேயாப் பொதுச்சங்கம் எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் எனத் தீர்மானித்தது. மார்ச் 21இலோ அதன் பின்னரோ வரும் முதற் பறுவத்துக்கு அடுத்த ஞாயிறு என்பது இன்றும் எமது விதி. எனவே விழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வரும். 1582இல் திருத்தந்தை 13ஆம் கிரகோரி பஞ்சாங்கத்தைத் திருத்தியபோது கிழக்குத் திருச்சபைகள் பல பழைய கணக்கிலேயே நின்றன. அதனால் இரு சாராரின் நாட்களும் பெரும்பாலும் வேறுபடும். 2025இல் ஏப்ரல் 20 அன்று இரண்டும் ஒன்றாய் வந்தன.

ஒன்றும் நடவாத நாள்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி நற்செய்திகளில் நீண்ட அதிகாரங்கள் உண்டு. ஞாயிறைப் பற்றியும் உண்டு. சனிக்கிழமையைப் பற்றி? தலைமைக் குருக்கள் பிலாத்துவிடம் சென்று கல்லறைக்குக் காவல் கேட்டார்கள் என்கிறார் மத்தேயு (27:62-66). பெண்கள் கட்டளைப்படி ஓய்ந்திருந்தார்கள் என்கிறார் லூக்கா (23:56). அவ்வளவுதான். அதிகாரம் படைத்தவர்கள் கல்லுக்கு முத்திரை வைத்தார்கள். அன்பு செய்தவர்கள் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தார்கள்.

நாம் சனிக்கிழமையை இரண்டாம் நாள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஞாயிறை அறிந்தவர்களுக்குத்தான் அது இரண்டாம் நாள். அன்று அந்த வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு அது மூன்றில் இரண்டு அல்ல. எல்லாம் முடிந்துவிட்ட பிறகு வந்த முதல் நாள். இன்னும் எத்தனை நாள் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆண்டவர் முன்பே சொல்லியிருந்தார் என்பீர்கள். ஆம், சொல்லியிருந்தார். துயரத்தில் இருப்பவர் காதில் அது ஏறவில்லை.

1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள் சில கிழமைகளில் திரும்புவோம் என்று எண்ணி, கதவைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு வந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு செம்மணிப் பாதையில் நடந்தவர்களும் அப்படியே நினைத்தார்கள். அவர்களும் நாளை எண்ணத் தொடங்கியவர்கள்தான். எண்ணிக்கை எங்கே முடியும் என்று தெரியாதவர்கள்.

திருச்சபையும் இந்தச் சனிக்கிழமையைப் பொறுக்க முடியாமல் ஒருகாலத்தில் விரைந்துவிட்டது. நூற்றாண்டுகளாகப் பாஸ்காத் திருவிழிப்பு பெரிய சனி காலையிலேயே நடத்தப்பட்டது. ஆண்டவர் கல்லறையில் இருக்கும் நாளின் பகலிலேயே மணிகள் ஒலித்து உயிர்ப்பு அறிவிக்கப்பட்டது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் திருவிழிப்பை மீண்டும் இரவுக்குக் கொண்டுவர அனுமதித்தார். 1956 முதல் அது எங்கும் முறையாயிற்று. அதனால் பெரிய சனிக்குத் தன் மௌனம் திரும்பக் கிடைத்தது. அன்று திருப்பலி இல்லை. பீடம் வெறுமையாய் இருக்கும். நற்கருணைப் பேழை திறந்து கிடக்கும். துயரத்தை அவசரப்படுத்தலாகாது என்பதைத் திருச்சபை தன் வழிபாட்டிலேயே எமக்குக் கற்பிக்கிறது.

இதை நாம் குருக்களுக்கும், தொண்டு நிறுவனங்களில் பணிபுரிவோருக்கும், எம்மையும் சேர்த்தே, சொல்கிறோம். வெள்ளிக்கிழமை மாலையில் நிற்பவரிடம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் செய்தல் ஆகாது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை நெஞ்சோடு வைத்திருக்கும் தாய்க்குக் கல்லறை கூட இல்லை. நடந்ததை மறந்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல எமக்கு உரிமையில்லை. நறுமணப் பொருட்களோடு உடலைத் தேடிப் போன பெண்களை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுக்கே முதற் செய்தியைக் கொடுத்தார்.

அந்தப் பெண்களை இன்னும் சற்றுக் கவனிப்போம். கல்லை யார் புரட்டுவார் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்கவில்லை (மாற்கு 16:3). விடை கிடைத்த பின் போவோம் என்று அவர்கள் வீட்டில் இருக்கவுமில்லை. ஆயத்தம் செய்தார்கள், ஓய்ந்திருந்தார்கள், விடியுமுன் புறப்பட்டார்கள். சனிக்கிழமையில் இருப்போர் செய்யக்கூடியது இதுவே. காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றிப் பத்திரப்படுத்துவது, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது, இருக்கும் காற்பரப்பு நிலத்தில் கத்தரி நடுவது, ஊரின் விதைநெல் இனத்தை அழியாமல் வைத்திருப்பது: இவை சிறிய வேலைகளல்ல. விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி, பாரம் ஏற்றி வைக்கிறீர்கள். மூன்றாம் நாளளவில் முளை வெடிக்கிறது. அதற்கிடையில் எத்தனை தரம் அவிழ்த்துப் பார்த்தாலும் முளை விரைவதில்லை. ஆனால் சாக்குக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று எந்தக் கமக்காரனும் சொல்லமாட்டான்.

விசுவாச அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. வெளியே ஒன்றும் நடவாத அந்த நாளில் ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று அறிக்கையிடுகிறோம். கிழக்குத் திருச்சபைகளின் உயிர்ப்புப் படங்களில் இயேசு தனியே எழுந்து வருவதில்லை. உடைந்த கதவுகளின்மேல் நின்று, ஆதாமையும் ஏவாளையும் கைபிடித்து மேலே இழுக்கிறார். பூமியின்மேல் இருந்தவர்களுக்கு அது வெறும் சனிக்கிழமை. பூமிக்குக் கீழே இருந்தவர்களுக்கு அன்றே விடுதலை.

உயிர்ப்பு எல்லோரையும் ஒரே நாளில் வந்தடையவில்லை

லூக்கா 24ஆம் அதிகாரத்தில் இரண்டு சீடர்கள் எருசலேமை விட்டு ஏறக்குறைய 11 கிலோமீற்றர் தூரத்திலுள்ள எம்மாவுக்கு நடந்து போகிறார்கள். வழியில் சந்தித்தவரிடம், இவையெல்லாம் நடந்து இன்று மூன்றாம் நாள் என்று தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். எண்ணிக்கை சரி. நாளும் சரி. ஆனால் அவர்களுக்கு இன்னும் விடியவில்லை. மகதலா மரியாவுக்கு அதிகாலையில் விடிந்தது. எம்மாவுச் சீடருக்கு இரவு உணவுவேளையில் விடிந்தது. தோமாவுக்கு எட்டு நாட்கள் சென்றன (யோவான் 20:26). அந்த எட்டு நாளும் மற்றச் சீடர்கள் தோமாவை வெளியே தள்ளவில்லை. நம்பாதவனாகவே அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தான். ஆண்டவரும் பிந்தியவனைத் தேடி இன்னொரு முறை வந்தார்.

நாட்காட்டியில் உயிர்ப்பு ஞாயிறு வந்துவிட்டதால் துயரம் ஓய்ந்துவிடுவதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் வழிபாட்டுக்கு வந்த மக்களிடையே குண்டுகள் வெடித்தன. விடுதிகளில் நடந்த தாக்குதல்களோடு சேர்த்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர்ப்பின் பாடலைப் பாட வந்தவர்களின் வீடுகளில் அந்த ஞாயிறே பெரிய வெள்ளியாயிற்று. அவர்களுடைய மூன்றாம் நாளை நாம் பஞ்சாங்கத்தில் தேட முடியாது.

அப்படியானால் எமது இறந்தோர் எப்போது எழுவர்? மார்த்தா தன் சகோதரனின் சாவில் நின்றுகொண்டு, இறுதி நாளில் என்று சொன்னார் (யோவான் 11:24). சிலுவையில் தொங்கிய கள்வனுக்கோ ஆண்டவர் இன்றே என்று வாக்களித்தார் (லூக்கா 23:43). திருச்சபை இரண்டையும் கைவிடவில்லை. திருத்தந்தை 12ஆம் பெனடிக்ட் 1336இல் இதைத் தெளிவாக வரையறுத்தார்: இறைவனின் அருளில் இறந்து, தூய்மை பெற்றவர்களின் ஆன்மாக்கள் இறுதி நாள்வரை காத்திராமல் இறைவனை நேருக்குநேர் காண்கின்றன; உடலின் உயிர்ப்பு இறுதி நாளில் நிகழும். ஆகவே அவர்கள் இறைவன் கையில் இருக்கிறார்கள் என்பது இன்றைய உண்மை. வயல் முழுவதும் வெட்டிக் களத்துக்கு வருவது இனி வரும் உண்மை. பெயர் தெரியாத குழியில் கிடப்பவரும் அந்த வயலின் கதிரே. விதைத்தவருக்கு விதைத்த இடம் தெரியும்.

அந்தத் தாய்க்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் சனிக்கிழமை எத்தனை வருடம் என்று எமக்குத் தெரியாது. தெரிந்தது போல நடிக்கவும் மாட்டோம். ஆனால் முதற் கதிர் வெட்டியாயிற்று. அது வெட்டப்பட்டது விடிந்த பிறகு அல்ல, சூரியன் மறைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன பிறகே. உங்களுக்கு விடியும்வரை உங்களை வீட்டில் வைத்துக்கொள்வது சமூகத்தின் கடமை. தோமாவை அவர்கள் வைத்திருந்தது போல.

முதியவருக்கு மறுவாரம் கணக்கை விளக்கினோம். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப கூலி சரிதான்” என்றார்.

கலந்துரையாடலுக்கு

1. எஸ்தர் 4:16ஐயும் 5:1ஐயும் வாசியுங்கள். எமது ஊரில் நாட்களை எண்ணும் முறைகளில் இதற்கு ஒத்தவை எவை?

2. உங்கள் ஊரில் புதிர் எடுத்தது எவ்வாறு? முதியோர் சொல்ல, இளையோர் எழுதிக்கொள்ளட்டும். இடம்பெயர்ந்த பின் அந்த வழக்கம் என்னவாயிற்று?

3. எமது கிராமத்தில் இன்னும் சனிக்கிழமையில் இருக்கும் குடும்பங்கள் எவை? அவர்களை அவசரப்படுத்தும் விதமாக நாம் பேசியதுண்டா?

4. கல்லை யார் புரட்டுவார் என்று தெரியாமலே நாம் சேர்ந்து தொடங்கக்கூடிய ஆயத்த வேலை ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். விதைநெல் சேமிப்பு, காணி ஆவணங்களைப் பிரதியெடுத்துப் பாதுகாத்தல், இறந்தோரின் பெயர்ப் பட்டியலை எழுதி வைத்தல் போன்றவற்றில் எது இப்போது அவசரமானது?

5. வரும் பெரிய சனியன்று பகலில் அரை மணி நேரம் ஒன்றாகக் கூடி, பாட்டும் பிரசங்கமும் இன்றி மௌனமாய் இருந்து, கல்லறை இல்லாத எமது இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள்.